நான் குழியில் கொட்டிய பழங்கள்

எழுத்து கோணலாகவும் விஷயம் முன்பின்னாகவும் இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் நாலாம் வகுப்பு முடித்து ஐந்தாவதில் கால் வைத்த வருஷமே மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் ரெண்டு மூன்று கடிதாசியும்தான். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. காலையில் கழற்றி வைத்த கண்ணாடியை மத்தியானம் வரைக்கும் தேடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு அம்மா நடத்திய பிள்ளைகள் வீட்டில் வளர்ந்தவர்கள் ஒன்றுசேர்ந்து அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். அவர்களில் ஒருத்தி வந்து நோட்டும் பேனாவும் கொடுத்தாள். "ஆயா, அம்மா கூடவே இருந்தது நீங்கதான். நல்ல நல்ல விஷயமா எழுதிக் குடுங்க" என்றாள். நல்ல விஷயங்களை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். அந்த அம்மாவிடம் நான் ஏற்கெனவே போதுமான அளவுக்குப் பொய் சொல்லியிருக்கிறேன்.

யாருடைய பேரையும் இதில் எழுதவில்லை. உயிரோடு இருப்பவர்கள் கூச்சப்படுவார்கள். செத்தவர்களின் பேரைத் தப்பாக எழுதிவிடுவேன் என்ற பயம் எனக்கு.

கடத்தூரிலிருந்து பொம்மிடிக்குப் போகிற சாலையில், இறக்கத்தில் ஒரு ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு கொட்டகை, ஒரு கிணறு. அதுதான் பிள்ளைகள் வீடு. கூலி வேலைக்குப் போகிறவர்கள் காலையில் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாயங்காலம் அழைத்துப் போவார்கள். இருபது முப்பது குழந்தைகள் இருக்கும். நான் அங்கே சமையல், கூட்டிப் பெருக்குதல், செடிக்குத் தண்ணீர் எல்லாம் பார்த்தேன். எனக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது.

அந்த அம்மா வெளிநாட்டுக்காரர். போலந்து என்று சொன்னதாக ஞாபகம். நர்ஸ் படிப்பு படித்தவர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். வெயிலில் முகமெல்லாம் செங்கல் நிறமாகிவிட்டிருந்தது. டயர் செருப்புதான் போடுவார். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் 'ங்க' போட்டுப் பேச மட்டுமே சொல்லிக்கொடுத்தார்களோ என்னவோ, எல்லாருக்கும் மரியாதைதான். கொட்டகைக்குள் வந்துவிட்ட ஆட்டைக்கூட, "வெளியே போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார். பிள்ளைகள் சிரிக்கும்.

ஊரில் எல்லாரும் அவரைக் கிறிஸ்தவர் என்று நினைத்திருந்தோம். ஒருநாள் நான் கேட்டேன். "ஏம்மா, நீங்க கோயிலுக்குப் போவ மாட்டீங்களா? ஏசு சாமிதானே நீங்க?"

"இல்லீங்க. நான் யூதர்."

"அது என்னங்கம்மா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏசு சாமிக்கு நாங்க பங்காளி வகையறாங்க. ஆனா பேச்சுவார்த்தை இல்ல" என்றார். வெகுநேரம் கழித்துத்தான் அது வேடிக்கைக்குச் சொன்னது என்று எனக்கு விளங்கியது.

எண்பதாம் வருஷமோ எண்பத்தொன்றோ, ஆடி கழிந்து முதல் மழை விழுந்ததும், வீட்டுக்குப் பின்னால் ஆறு குழி வெட்டச் சொன்னார். என்னத்துக்கு என்று கேட்டேன். அவருடைய அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, அக்காவின் பிள்ளைகள் ரெண்டு பேர், ஆக ஆறு பேருக்கும் ஆளுக்கொரு மரம் வைக்கப் போவதாகச் சொன்னார். ஜெர்மனிக்காரர்களின் ஆட்சி அங்கே வந்து, யூதர் என்கிற ஒரே காரணத்துக்காக அவர்களைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்களாம். அவர்களை மட்டுமில்லை, லட்சம் லட்சமாகக் கொன்றார்களாம்.

"அவங்களுக்குக் கல்லறை இல்லீங்க. யாரை எங்க போட்டாங்கன்னு தெரியாது. செத்த தேதிகூடத் தெரியாது. அதனால இங்க வெக்கிறேன்" என்றார்.

இதைக் கேட்டு நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது பயம். எங்கள் பக்கத்தில் ஆயுசு முடியாமல் செத்தவர்கள், காரியம் செய்யாமல் விட்டவர்கள் என்றால் அந்தத் திசைக்கே போக மாட்டோம். அப்படி ஆறு பேரைக் கொண்டுவந்து, குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் வைக்கிறாரே என்றுதான் நினைத்தேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எப்படிச் செத்தார்கள் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

அப்பாவுக்கு ஒட்டு மா. அண்ணனுக்குச் சப்போட்டா. அம்மாவுக்கு மாதுளை, அக்காவுக்கு எலுமிச்சை. அல்லது மாற்றியும் இருக்கலாம். குழந்தைகள் ரெண்டு பேருக்கும் சித்தேரி மலையிலிருந்து ஒருவர் பஸ்ஸில் சாக்கு சுற்றிக் கொண்டுவந்த சீத்தாக் கன்றுகள் ரெண்டு.

மரத்துக்குப் பேர் எழுதிக் கட்ட, கடத்தூரில் தகர வேலை செய்கிற பாய் ஒருவரை வரவழைத்தார். எண்ணெய் டின்னை வெட்டி நிமிர்த்தி, அந்த அம்மா காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, ஆணியை வைத்துப் புள்ளிப் புள்ளியாகத் தட்டினார் பாய். எழுத்து பாதி வரும்போது நிமிர்ந்து பார்த்தார்.

"இது எந்தப் பக்கத்துலருந்து படிக்கிறதுங்கம்மா?"

"வலது பக்கத்துலருந்துங்க."

"எங்களுதும் அப்படித்தான். அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சவங்க" என்றார் பாய். அந்த அம்மா அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை.

ஆறு தகடும் முடிந்ததும் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "ஆயா, உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

எனக்கு மூன்று வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருந்தாள். ஒரே நாளில் வாந்தியும் பேதியுமாகப் போய்விட்டாள். ஏரிக்கரையில் புதைத்தார்கள். என்னைப் போக விடவில்லை. சின்னக் குழந்தைக்குத் திதி கிடையாது, படையல் கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் முன்னால் அவள் பேரைச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் பத்து வருஷமாக வீட்டில் யாரும் அவள் பேரைச் சொன்னதில்லை. அன்றைக்குப் பாயிடம் அந்தப் பேரைச் சொன்னபோது என் வாய்க்கே அது புதிதாக இருந்தது. அவர் தமிழில் தட்டிக் கொடுத்தார். ஏழாவதாக ஒரு குழி வெட்டி, கொய்யா வைத்தோம். வீட்டில் நான் சொல்லவில்லை.

மரம் வைத்தவுடன் அந்த அம்மா ஒரு கட்டளை சொன்னார். மூன்று வருஷத்துக்கு இதில் காய்ப்பதை யாரும் வாயில் வைக்கக் கூடாது. பூ வந்தாலும் காய் வந்தாலும் பறித்துக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற குப்பைக் குழியில் போட்டு மூடிவிட வேண்டும். "எங்க வழக்கம்ங்க. எந்த மரமா இருந்தாலும் மூணு வருஷம் தொட மாட்டோம்" என்றார். எந்த மரமாக இருந்தாலும் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. செத்தவர்களின் பழம், அதனால்தான் தொடக் கூடாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லி மிரட்டினேன். "அந்த மரத்துக்கிட்டப் போனா காத்து அடிச்சிரும். காய்ச்சல் வந்துரும்."

இடையில் மழை பொய்த்த வருஷம் வந்தது. கிணற்றில் சேறுதான் இருந்தது. ஒரு மைலுக்கு அப்பால் போய்க் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஏழு மரத்துக்கும் ஊற்றினேன். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். ஒன்றுகூடக் காயவில்லை. மரத்திடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பழம்தான் பயம்.

நாலாவது வருஷம் மா நன்றாகக் காய்த்தது. அந்த அம்மா கூடையைக் கையில் கொடுத்தார். "மூணு வருஷம் முடிஞ்சிதுங்க. இனிமே எல்லாப் பழமும் புள்ளைங்களுக்குத்தான். யாரோட பழம்னு பேரைச் சொல்லிட்டுச் சாப்பிடச் சொல்லுங்க. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

மூன்று வருஷம் ஆகாதது இப்போது எப்படி ஆகும்? அதுவும் செத்தவர்கள் பேரைக் கூப்பிட்டுவிட்டுச் சாப்பிடுவதா? கூப்பிட்டால் வந்துவிட மாட்டார்களா? நாங்கள் படையல் வைத்தால் முதலில் காக்கைக்கு வைப்போம். காக்கை எடுத்தால்தான் நாங்கள் தொடுவோம். இங்கே ஒன்றும் கிடையாது, நேராகக் குழந்தை வாயில். போன வாரம்தான் ஒரு கைக்குழந்தைக்கு உடம்பு கொதித்துக் கிடந்தது. நான் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். இன்னொருத்தியின் பிள்ளைக்கு என் கையால் ஒன்று ஆகிவிட்டால் என்ன பதில் சொல்வது?

இதெல்லாம் அன்றைக்கு எனக்கு நியாயமாகத் தெரிந்தது. கூடையைக் கொண்டுபோய்க் குழியில் கவிழ்த்து, மேலே சருகு போட்டு மூடினேன்.

ஆனால் ஒன்று செய்தேன். கொய்யா பழுத்தபோது அதைக் கொட்டவில்லை. அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். என் மகள் யாருக்கும் கெடுதல் செய்ய மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் பழத்தைப் பத்துப் பேர் தின்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்த அம்மாவும் ரெண்டு துண்டு எடுத்து, என் மகள் பேரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத் தின்றார். இந்த உலகத்தில் அவள் பேரைச் சொல்ல எனக்கு அப்புறம் ஒருத்தர் இருந்தார் என்றால் அவர்தான்.

என் பிள்ளையின் பழத்தை மட்டும் ஊட்டிவிட்டு, அவருடைய ஆறு பேரின் பழத்தையும் குப்பையில் போட்டேன். ஆறு மாதம் அப்படிச் செய்தேன்.

பிள்ளைகள் சாப்பிடுகிற மத்தியான நேரத்தில் அவர் ஊருக்குள் நோயாளிகளைப் பார்க்கப் போயிருப்பார். தினமும் நாலு மணிக்கு, பிள்ளைகளை அழைத்துப் போக ஆட்கள் வருகிற நேரத்துக்கு, கொட்டகை ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து அந்த அம்மா கேட்பார்.

"இன்னைக்கு யார் பழம்ங்க?"

"அண்ணன் பழம்ங்கம்மா."

"சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்கம்மா."

"என்ன சொன்னாங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் தினமும் ஒன்று யோசித்து வைத்திருக்க வேண்டும். "இனிப்பா இருந்துச்சாம். பால் ஒதட்டுல ஒட்டிக்கிச்சாம், கழுவினாலும் போவலையாம்" என்று ஒருநாள் சொன்னேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "எங்க அண்ணனும் அப்படித்தாங்க. எங்க போனாலும் என்கூடவே ஒட்டிக்கிட்டு வருவாங்க" என்றார். எழுந்து சப்போட்டா மரத்துக்கிட்டப் போய், அதன்மேல் கை வைத்து, அவர் பாஷையில் என்னவோ சொன்னார். நான் சொன்ன பொய்யைத்தான் அந்த மரத்திடம் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் பாத்திரம் தேய்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பொய் சொல்லச் சொல்ல எனக்கு அது கைவந்துவிட்டது. மாம்பழத்துக்குச் சண்டை போட்டார்கள் என்றேன். மாதுளை முத்தைக் காதில் தோடாக வைத்துக்கொண்டார்கள் என்றேன். நாலு மணி வருவதை நானே எதிர்பார்க்க ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்ல வேண்டும். அவர் முகம் மலர்வதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் பெய்து வெளுத்த அன்று, அந்த அம்மா கோலை ஊன்றிக்கொண்டு, கொட்டகைக்குப் பின்சுவர் ஊறுகிறதா என்று பார்க்கப் போனார். நான் ஓடினேன். அதற்குள் அவர் குழியின் ஓரத்தில் நின்றிருந்தார்.

சருகையெல்லாம் மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. குழி முழுக்கப் பச்சை. மாங்கொட்டையெல்லாம் பிளந்து செம்பு நிறத்தில் துளிர் விட்டிருந்தது. சீத்தாக் கன்று கீரை விதைத்த மாதிரி மொய்த்துக்கொண்டு நின்றது. அது பழைய விதை, மூன்று வருஷம் போட்டது முளைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அந்தக் கன்றுகளுக்கு நடுவில், முந்தின நாள் நான் கவிழ்த்த சீத்தாப்பழம் எட்டும் முழுசாக, பழுத்துக் கண் திறந்து, அப்படியே கிடந்தது.

அவர் கோலால் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். "கொஞ்சம் கையைப் புடிச்சிக்கோங்க, வழுக்குது" என்றார். பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

நாலு மணிக்கு வழக்கம்போல பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நேத்து சீத்தாப்பழம் புள்ளைங்க சாப்பிட்டாங்களா?"

இப்போது யோசித்தால், அவர் எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார் என்று தெரிகிறது. நான் அதில் நுழையவில்லை.

"சாப்பிட்டாங்கம்மா."

"என்ன சொன்னாங்க?"

"யாருக்குக் கொட்டை ஜாஸ்தின்னு எண்ணிப் பாத்தாங்கம்மா."

"சரிங்க" என்றார். அன்றைக்கு மரத்துக்கிட்டப் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும், அவரே சீத்தாப்பழக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, பாயில் அவர்களோடு உட்கார்ந்தார். ஒரு பழத்தைப் பிட்டு, அக்காவின் பிள்ளைகள் ரெண்டு பேரின் பேரையும் சொல்லி, பக்கத்தில் இருந்த நாலு வயதுப் பெண்ணிடம் நீட்டினார். அது வாங்கவில்லை. பின்னால் நகர்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் நகர்ந்தன. எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"ஏங்க, வேண்டாமா?" என்றார் அம்மா.

"அது செத்துப்போனவங்க பழம்" என்றது அந்தப் பெண். வாயாடிப் பெண். "தின்னா காத்து அடிச்சிரும். ஆயாதான் சொல்லுச்சு."

இன்னொரு பிள்ளை சேர்ந்துகொண்டது. "கொய்யா மட்டும் தின்னலாம். அது ஆயாவோட பாப்பா பழம். அது ஒண்ணும் பண்ணாது."

நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். கையில் சோற்றுக் கரண்டி. கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அவர் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். "ஆமாங்க, செத்துப்போனவங்க பழம்தான். அவங்க ரெண்டு பேரும் உங்க மாதிரி சின்னவங்க. அவங்களுக்கு யாரும் சோறு குடுக்கல. பசியிலேயே செத்துட்டாங்க. இப்ப அவங்களால சாப்பிட முடியாது இல்லீங்களா? அதனால அவங்களுக்குப் பதிலா நீங்க சாப்பிடுங்கன்னு கேக்கிறேன்."

அந்த வாயாடிப் பெண் யோசித்தது. "ரெண்டு பேருக்கும் சேத்தா?"

"ஆமாங்க."

"அப்ப ரெண்டு பழம் குடுங்க."

கொடுத்தார். அது தின்றது. அதைப் பார்த்து மற்றதெல்லாம் கை நீட்டின. அந்தக் குழந்தைகளின் பேரை வாய்க்கு வந்தபடி உருட்டிப் புரட்டிச் சொல்லிவிட்டுத் தின்றன. கொட்டையை யார் தூரம் துப்புவது என்று போட்டி வந்துவிட்டது. நான் ஆறு மாதமாகக் கட்டிவிட்ட கதையெல்லாம் அங்கே நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு அந்த வாயாடி என்னிடம் ஓடி வந்தது. "ஆயா, நீயும் தின்னு. ஒண்ணும் ஆவல." வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். தின்னவில்லை.

பிள்ளைகள் படுத்த பிறகு அவர் கை கழுவ வந்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். திட்டட்டும், வேலையை விட்டுப் போகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். 'நீ' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"பசியைப் பத்தி நான் உங்ககிட்ட சொல்லலீங்க. கொன்னாங்கன்னு மட்டும் சொன்னேன். சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு" என்றார்.

"உங்களுக்கு என்னங்கம்மா வெக்கம்?"

"என்னை மட்டும் முன்னாடியே வேற நாட்டுக்கு அனுப்பிட்டாங்க. அங்க நான் மூணு வேளையும் சாப்பிட்டேன். அவங்க பட்டினி கிடந்த நாள்லயும் சாப்பிட்டேன். ருசியா இருந்துச்சுங்க." கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தண்ணீர்ச் சொம்போடு நான் அங்கேயே நின்றேன். 'தப்புப் பண்ணிட்டேம்மா' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். அவருக்குப் பக்கத்தில் அதற்கப்புறம் பத்து மாதம் இருந்தேன். அந்த மூன்று வார்த்தை வரவில்லை. எனக்குப் பேசக் கூச்சம், பெரியவர்கள் முன்னால் நாக்கு எழாது என்று எல்லாரிடமும் சொல்லுவேன். பொய் சொல்ல மட்டும் அந்த நாக்கு எப்படி எழுந்தது?

அடுத்த நாளிலிருந்து எல்லாப் பழமும் பிள்ளைகளுக்கே போனது. நானே பேரைச் சொல்லிக் கொடுத்தேன். அந்த அம்மா நாலு மணிக் கேள்வியைத் திரும்பக் கேட்கவே இல்லை. பெஞ்சில் உட்காருவார். மழை, விறகு, யாருக்குச் சிரங்கு என்று பேசுவார். அதை மட்டும் கேட்க மாட்டார். 'சாப்பிட்டாங்கம்மா' என்று நான் உண்மையாகவே சொல்லக்கூடிய காலத்தில் என்னை யாரும் கேட்கவில்லை.

அதற்கடுத்த ஆவணியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. கால் வீங்கிவிட்டது. அவருக்கு வேண்டியவர் ஒருவர் சென்னையிலிருந்து வந்து, வைத்தியத்துக்கு அழைத்துப் போனார். காலை ரயிலுக்காகப் பொம்மிடி ஸ்டேஷனில் காத்திருந்தோம். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

கூட வந்தவர் டீ வாங்கப் போனார். அம்மா குனிந்து என் தோளில் கை வைத்தார்.

"ஆயா, நீங்க சாப்பிட்டீங்களா?"

காலை ஆகாரத்தைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் கேட்ட விதம் அந்த நாலு மணிக் கேள்வியின் விதம். பிள்ளைகளுக்கு அத்தனை மாதமாகக் கொடுத்தேனே தவிர, நான் ஒரு பழமும் வாயில் வைத்ததில்லை. அன்றைக்கு மடியில் கட்டிய பழத்தைக்கூட வழியில் வேலியோரம் வைத்துவிட்டுத்தான் போனேன்.

"சாப்பிட்டேங்கம்மா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன சொன்னாங்க என்று கேட்பாரோ என்று பயந்தேன். ரயில் வந்துவிட்டது. அவரைத் தூக்கி ஏற்றும் அவசரத்தில் பையைக் கொடுத்தேன். அவ்வளவுதான். "போயிட்டு வரேங்க" என்றார்.

ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்து நேராகப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தேன். சீத்தா மரத்தில் முதல் பழம் ஒன்று கண் திறந்திருந்தது. பறித்து, பேரைச் சொல்லி, நின்றபடியே தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை, சாதாரண சீத்தாப்பழம். ஒரு மணி நேரம் முன்னால் தின்றிருந்தால் நான் அங்கே சொன்னது உண்மையாகியிருக்கும்.

தை மாதத்தில் அவர் போய்விட்டதாகத் தகவல் வந்தது. எங்கே அடக்கம் செய்தார்கள் என்று நான் தெரிந்துகொள்ளவில்லை.

பிள்ளைகள் வீடு மூடிப்போனது. நிலம் கைமாறியது. பழைய இரும்பு எடுக்கிறவர்கள் வந்து போவதைப் பார்த்துவிட்டு, தகடு ஏழையும் நானே அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பத்திரம் பண்ணுவதாக நினைத்து அதிலும் ஒரு தப்புச் செய்தேன். எந்தத் தகடு எந்த மரத்தில் இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. கொய்யாவும் மாதுளையும் எலுமிச்சையும் பட்டுப்போயின. மாவும் சப்போட்டாவும் சீத்தாவில் ஒன்றும் நிற்கின்றன. நிலத்துக்காரர் நல்ல மனிதர், பறித்துக்கொள்ள விடுகிறார். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுக்கிறேன். நான் பேரைச் சொல்கிறேன், அவர்களும் சொல்கிறார்கள், தின்கிறார்கள். குழியில் போனதற்கு இது ஈடு என்று நான் சொல்லவில்லை.

மாம்பழத்துக்கு அப்பா பேர், சப்போட்டாவுக்கு அண்ணன் பேர். அது நிச்சயம். சீத்தாதான் தெரியவில்லை. நிற்பது அக்காவின் பெண் குழந்தையுடைய மரமா, பையனின் மரமா? ஒரு வருஷம் ஒரு பேர், மறுவருஷம் ஒரு பேர் என்று மாற்றி மாற்றிச் சொல்லி வருகிறேன். என்னுடையது போக ஆறு தகடுகள் இந்த நோட்டோடு துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். புத்தகம் போடுகிறவர்கள் அவற்றைப் படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். வலது பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். நான் காதால் கேட்டு வைத்திருக்கிற பேர்கள் சரிதானா என்று சொல்லச் சொல்லுங்கள். போலந்துதானா, மரம் வைத்த வருஷம் எது, இதையும் சரிபார்த்து, தப்பாக இருந்தால் அடித்துவிட்டு எழுதுங்கள். மரம் வைத்த அன்று பிள்ளைகள் வீட்டில் இருந்தவர்கள், இப்போது நிற்கிற மேற்கு ஓரத்துச் சீத்தாவில் எந்தத் தகடு தொங்கியது என்று நினைவிருந்தால், ஒரு வரி எழுதிப் போடுங்கள். அது ஆவணியில் பழுக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் தெரிந்தால் நல்லது.